அல்லிராணி கட்டாத கோட்டை

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். எழுதியவற்றுள் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமானால் நன்றாக இருக்குமே என்று எண்ணும் வாக்கியங்கள் பல உண்டு. அரசியல் பற்றி எழுதியவை பெரும்பாலும் தம் காலத்தோடு செத்துவிட்டன. அவற்றைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் ஒரேயொரு வாக்கியம் மட்டும் சாகாமல் என்னைத் துரத்தி வருகிறது. மன்னார்க் கரையிலே, அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் இடையில், கடலோரச் செம்மண் மேட்டின் விளிம்பில் நிற்கும் பாழடைந்த கட்டடம் ஒன்றைப் பற்றிய வாக்கியம் அது. ஊரார் அக்கட்டடத்தை அல்லிராணிக் கோட்டை என்பர்.

1978ஆம் ஆண்டு ஆவணி மாதம். மடு மாதா திருவிழாவைப் பற்றிய செய்திகளை அனுப்புவதற்காக என்னைக் கொழும்பிலிருந்து அனுப்பியிருந்தார்கள். தொழிலுக்கு வந்து இரண்டாண்டுகள்கூட நிறையவில்லை. புறப்படும்போது ஆசிரியர், "திரும்பி வரும்போது வெறுங்கையோடு வராதையும். மன்னார்ப் பக்கம் பழங்காலத்துச் சங்கதி ஏதாவது இருக்கும். ஞாயிறு இதழுக்கு ஒரு கட்டுரை கொண்டு வாரும்" என்று சொல்லியிருந்தார். திருவிழா முடிந்ததும் முருங்கன் வழியாக மீன் லொறி ஒன்றில் ஏறி அரிப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே அறிமுகமான பாடசாலை வாத்தியார் ஒருவர், "தம்பி கோட்டையைப் பார்க்கேல்லையோ?" என்று கேட்டு, மறுநாள் விடியற்புறத்திலே என்னைக் கடற்கரை வழியாக அழைத்துச் சென்றார்.

மலைக்கோட்டை என்றவுடன் திருச்சியையோ சீகிரியாவையோ நினைத்துக்கொண்டு வருபவர்கள் மன்னாரில் ஏமாந்துபோவார்கள். இது மலையில்லாத நாடு. உவர்வெளி, பனை, உடைமரம், தீவிலே அங்கொன்று இங்கொன்றாய்ப் பருத்து நிற்கும் பெருக்கமரம், யாருக்கும் சொந்தமில்லாமல் வீதியில் அலையும் கழுதை: இவைதாம் மன்னார். அப்படிப்பட்ட தட்டை நிலத்தில் சில மீற்றர் உயரமான செம்மண் மேடும் மலையாகிவிடுகிறது. அதுவும் கீழே கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு அது மலையேதான். சோளகக் காற்று முகத்தில் மணலை வாரி அடிக்க, காலை வைத்த இடமெல்லாம் மண் சரிய, வேர்களைப் பற்றிக்கொண்டு நாங்கள் ஏறினோம். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னே ஏறிவிட்டார். மண்ணோடு மண்ணாகச் சிப்பி ஓடுகள் பொதிந்து கிடந்தன. ஒன்று என் உள்ளங்கையைக் கீறி இரத்தம் வந்தது இப்போதும் நினைவிருக்கிறது.

மேலே ஏறி நிமிர்ந்தபோது, கடலைப் பார்த்தபடி பருத்த செங்கல் தூண்கள் நின்றன. பூச்சு உதிர்ந்து, செங்கல் அரித்து, உச்சியில் எதையும் தாங்காமல் நின்ற தூண்கள். கூரை இல்லை. மாடிக்குப் போன படிகள் பாதியில் முடிந்து ஆகாயத்தைப் பார்த்தன. தூண்களுக்கு அப்பால் வேறொன்றும் இல்லை. முத்துப் பார்கள் பரந்து கிடக்கும் கடல் மட்டுந்தான்.

தூணில் சாய்ந்துகொண்டு வாத்தியார் கதை சொன்னார். அல்லி என்றொரு அரசி. ஆண்வாடை ஆகாதவள். மதுரையில் ஆண்டவள் என்று அல்லி அரசாணி மாலை சொன்னாலும், அவளுடைய செல்வமெல்லாம் இந்தக் கடலில்தான் இருந்தது. இங்கே முத்தெடுத்து அரபு நாட்டாருக்குக் கொடுத்து, பதிலுக்குக் குதிரை வாங்கினாள். குதிரைகளைக் கரையிறக்கிய இடந்தான் தெற்கே தெரியும் குதிரைமலை. அங்கிருந்த அவளுடைய தலைநகரைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது இந்தக் கோட்டைதான். வாத்தியார் கதை சொல்வதில் வல்லவர். நான் இருபத்துமூன்று வயதுக்காரன். கொழும்புக்குத் திரும்பிய அன்றிரவே எழுதி முடித்தேன். "ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தமிழ்ப் பேரரசி ஒருத்தி இவ்விடத்திருந்து முத்துக் கடலை ஆண்டாள் என்பதற்கு இத்தூண்களே சாட்சி" என்பது கட்டுரையின் முத்தாய்ப்பு. என்னைத் துரத்துகிறது என்றேனே, அந்த வாக்கியம் இதுதான்.

மூன்று வாரங்களின் பின்னர் ஒரு தபாலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர். மணிமணியான கையெழுத்து. "தம்பி, கட்டுரை இனிமையாக இருந்தது. ஆனால் நீர் சாட்சிக்கு அழைத்த தூண்கள் பொய்ச்சாட்சி சொல்கின்றன. அவை கிரேக்க நாட்டு டோரிக் முறைத் தூண்கள். நாங்கள் வரைபடத்தில் அக்கட்டடத்தை 'டோரிக்' என்றே குறிப்போம். நூதனசாலை நூலகத்தில் கோடினர் எழுதிய நூலைப் பார்க்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தார். ஏளனம் ஒரு சொல்லில்கூட இல்லை. அதுதான் அதிகம் சுட்டது.

நூலகத்துக்குப் போனேன். ஜேம்ஸ் கோடினர் பிரித்தானிய ஆட்சியின் தொடக்கத்தில் கொழும்பில் படைப்பிரிவுக் குருவாக இருந்தவர். இலங்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1807இல் வெளிவந்தது. முத்துக்குளிப்பைக் கண்ணாரக் கண்டவர். அரிப்புக் கட்டடத்தை, இலங்கையிலே கட்டடக் கலை முறைப்படி அமைந்தவற்றுள் ஏறக்குறைய ஒரேயொன்று இதுதான் என்ற அளவுக்குப் புகழ்ந்திருக்கிறார். கட்டியவன் அல்லியல்ல, பிரித்தானியரின் முதலாவது தேசாதிபதி பிரடெரிக் நோர்த். கட்டிய காலம் 1801 முதல் 1804 வரை. ஆக, நான் ஈராயிரம் ஆண்டு என்று எழுதியபோது அதன் வயது இருநூறுகூட ஆகியிருக்கவில்லை.

திருத்தம் ஒன்று எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் போனேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் போன மாதத்துக் கட்டுரைக்கு இந்த மாதம் திருத்தம் போட எங்களிடம் இடமில்லை" என்று சிரித்தார். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கவேண்டும்.

நோர்த்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் தூண்களின் மருமம் அம்மனிதரின் மனத்துக்குள் இருக்கிறது. அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்த காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராயிருந்த நோர்த் பிரபுவின் இளைய மகன் அவர். 1798இல் இலங்கைக்கு வந்து 1805 வரை ஆட்சி செய்தார். ஆனால் அவருடைய நெஞ்சம் கிரேக்கத்தில் இருந்தது. இலங்கைக்கு வருவதற்கு முன்னரே, 1791இல், கோர்பூ தீவில் கிரேக்க வைதிகத் திருச்சபையில் இரகசியமாகச் சேர்ந்தவர். இலங்கையை விட்டுப் போன பின்னரும், தம் முதுமையில், 1824இல் அதே கோர்பூவில் அயோனியன் கல்விக்கழகத்தை நிறுவியவர். அப்படிப்பட்டவருக்கு முத்துக்கடல் ஓரத்தில் வீடு ஒன்று கட்டும் வாய்ப்புக் கிடைத்தபோது, எதைக் கட்டுவார்? ஏதென்சில் பளிங்கினால் செய்ததை அரிப்பிலே செங்கல்லினால் செய்து பார்த்தார். வீடு பெரியதல்ல. கீழே சில அறைகள், நடுவே மாடிப்படி, மேலே தேசாதிபதியின் படுக்கையறை, தட்டையான கூரை. அந்த மேலறையிலிருந்து பார்த்தால் சிப்பி ஏற்றிவரும் வள்ளங்கள் ஒவ்வொன்றும் தெரியும். கோட்டை என்று நாம் சொல்வதன் உண்மையான பயன் இதுதான்: கணக்குப் பார்க்கும் மேடை.

வேறொரு கோட்டை அரிப்பிலே உண்மையாகவே இருந்தது என்பதையும் ஈண்டுக் குறிப்பிடவேண்டும். சிறியது, போர்த்துக்கேயர் தொடக்கி ஒல்லாந்தர் கைக்கு வந்தது. கண்டி அரசனிடம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1679ஆம் ஆண்டு ஒக்டோபரில் தன் தோழன் ஒருவனோடு தப்பி, காட்டுக்குள் அருவியாற்றின் கரையைப் பற்றிக்கொண்டு நடந்து வந்து சேர்ந்த ஒல்லாந்தக் காவலிடம் அதுவே. என் கட்டுரையில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, நொக்ஸையும் அல்லியின் அரண்மனைக்கு அனுப்பியிருந்தேன். தபாலட்டைக்காரர் அதைச் சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

இனி முத்துக்கு வருவோம். மன்னார்க் கடலில் முத்துச் சிப்பி விளையும் கற்பாறைத் தளங்களைப் பார் என்பர். பெரிய பார், செவல் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். சலாபத்துறைதான் சிலாவத்துறை ஆயிற்று, புத்தளத்துக்குத் தெற்கே உள்ள சிலாபத்தின் பெயரும் அதிலிருந்தே வந்தது என்பர். மாசி, பங்குனியில் கடல் அமைதி கொள்ளும்போது சலாபம் தொடங்கும். நள்ளிரவில் கரைக்காற்றைப் பிடித்து வள்ளங்கள் புறப்படும், விடிந்ததும் குளிப்பு, பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் திரும்புதல். நோர்த்தின் காலத்தில் வள்ளம் ஒன்றுக்குப் பத்துக் குளியாட்கள், ஐந்து கற்கள். ஐவர் இறங்கினால் ஐவர் மேலே இளைப்பாறுவர். கல்லில் காலை வைத்து, மூக்கைப் பொத்தி, கயிற்றோடு இறங்கவேண்டும். ஐந்து பாகம், எட்டுப் பாகம் ஆழம். ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் சில விநாடி. அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியையெல்லாம் வலைப்பையில் வாரிக்கொண்டு கயிற்றை இழுக்கவேண்டும். மேலே நிற்பவன் இழுப்பைக் கவனிக்கத் தவறினால் கதை முடிந்தது. தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், யாழ்ப்பாணக் கரையார், பின்னாளில் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகள் என்று பல நாட்டார் இந்த ஒரு மூச்சை நம்பி வந்தார்கள்.

சுறாவைக் கட்டுவதற்குக் கடல்கட்டி என்றொருவர் இருப்பார். அவர் மந்திரம் சொல்லாமல் எவரும் இறங்கமாட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்வழி வந்த மார்க்கோ போலோ, இம்மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு போனதாக எழுதிவைத்தார். அறுநூறு ஆண்டுகளின் பின்னர் கிறிஸ்தவ தேசாதிபதிகளும் கடல்கட்டியை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். மந்திரத்தில் நம்பிக்கையினால் அல்ல, மந்திரமில்லாவிட்டால் வருமானமில்லை என்பதனால்.

எடுத்த சிப்பி எடுத்தவனுக்கா? இல்லை. கொட்டு எனப்படும் வேலியடைப்புக்குள் எல்லாவற்றையும் கொட்டிப் பங்கு பிரிக்கவேண்டும். 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் இளம் அதிகாரியாக மேற்பார்வை செய்தவர் லெனாட் வூல்ஃப். பின்னாளில் வேர்ஜீனியா வூல்ஃபின் கணவர் என உலகம் அறிந்தவர். அரிப்புக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில், ஆளில்லாத மணல்வெளியில், ஓலையாலும் தடியாலும் ஒரு நகரமே சில வாரங்களில் எழுந்ததை அவர் தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். நீதிமன்றம், மருத்துவமனை, சிறைச்சாலை எல்லாம் ஓலையால். பல்லாயிரம் பேர். அழுகும் சிப்பியின் நாற்றம், ஈ. அரசாங்கத்துக்கு இரண்டு பங்கு, மூச்சடக்கியவனுக்கு ஒரு பங்கு. பாரிஸ் நகரத்து இசையமைப்பாளர் பிசே 1863இல் இலங்கை முத்துக்குளிப்பவர்களைப் பற்றி ஓர் இசைநாடகம் அமைத்தார். அதில் காதல் உண்டு, கோயில் உண்டு, நிலா உண்டு. ஈ இல்லை.

பேராசை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் தெரிந்த கதைதான். நோர்த் வருவதற்குச் சற்று முன்னர் ஆண்டு தவறாமல் அள்ளித் தள்ளினார்கள், பார்கள் வறண்டன. 1830களின் பிற்பகுதி தொடங்கி 1850களின் நடுப்பகுதி வரை சலாபமே இல்லை. லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் வந்து சிப்பியின் வாழ்க்கையை ஆராய்ந்தார். 1903 முதல் சில ஆண்டுகள் வாரி வழங்கியது கடல். அதைக் கண்டு 1906இல் லண்டன் கம்பனி ஒன்று, ஆண்டுக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாவுக்கு, இருபது ஆண்டுக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பின் பார்களில் சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பனியும் இல்லை. 1925ஆம் ஆண்டுச் சலாபத்தின் பின்னர் பழைய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவேயில்லை. அதற்குள் ஜப்பானில் மிகிமோட்டோ வளர்த்த முத்துக்கள் சந்தையை நிரப்பத் தொடங்கிவிட்டன.

இப்போது தூணின் பூச்சைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அச்சுவர்களுக்குப் பூசிய சுண்ணாம்பு, சிப்பி ஓட்டைச் சுட்டு எடுத்தது. பளிங்குபோல் மின்னியதாம். கிரேக்கப் பளிங்குக்குப் பதிலாக மன்னார்ச் சிப்பி! அந்த ஓடுகளைக் கடலடியிலிருந்து கொண்டுவந்தவர்களில் ஒருவருடைய பெயர்கூட எந்த நூலிலும் என் கண்ணில் படவில்லை. நோர்த்தின் பெயர் இருக்கிறது. அல்லியின் பெயர் இருக்கிறது. என் பழைய கட்டுரையில்கூடக் குளியாட்கள் ஒரு வரியில்தான் வந்தார்கள், அரசியின் ஏவலராக.

போர் வந்தது. அந்தக் கரை எங்களுக்கெல்லாம் அடைபட்டுப் போயிற்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி மக்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு புத்தளத்துக்குப் போனார்கள். 1991 மார்ச்சில் சிலாவத்துறை இராணுவ முகாமுக்காகப் பெருஞ்சண்டை. 2007 செப்டெம்பரில் இராணுவம் அப்பகுதியைக் கைப்பற்றியபோது, முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கத் தமிழரின் முறை. ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள், அங்கே கடற்படைத் தளம் வந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2017இல்தான், நிலத்தில் ஒரு பகுதியை விடுவிக்கும் அறிவிப்பு வந்தது. இந்த ஊர்களையெல்லாம் பார்த்துக்கொண்டு, எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாமல், தூண்கள் நின்றன.

போர் முடிந்து மூன்றாண்டுகளின் பின்னர், 2012இல், நான் மீண்டும் அங்கே போனேன். இம்முறை முச்சக்கர வண்டி கோட்டை வாசல் வரைக்கும் போயிற்று. ஆனாலும் பழைய நினைவில் கடற்கரையில் இறங்கி, கீழிருந்தே ஏறினேன். ஏற்றம் குறைந்திருந்தது. எனக்கு வயது கூடியிருந்ததனால் அதிகமாயிருக்கவேண்டிய ஏற்றம் குறைந்தது எப்படி என்று மேலே போன பின்னர்தான் விளங்கிற்று: மேட்டைக் கடல் தின்று, கட்டடத்தின் ஒரு பகுதியை உடைந்த செங்கல் குவியலாகக் கீழே தள்ளியிருந்தது. நான் ஏறியது மண்ணிலல்ல, விழுந்த சுவரின் மேல்.

மேலே தென்னிலங்கையிலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றது. பெரியவர் ஒருவர் பேரப்பிள்ளைக்குக் கட்டடத்தைக் காட்டி, "இதுதான் குவேனியின் மாளிகை" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். விஜயன் வந்திறங்கிய தம்பபண்ணி இந்தச் செம்மண் கரைதான் என்று ஒரு கருத்து உண்டல்லவா; ஆகவே மாளிகையும் குவேனிக்கு ஆகிவிட்டது. பேச்சுக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், நல்ல மனிதர். நோர்த்தைப் பற்றிச் சொன்னதும் சிறிது நேரம் தூணைத் தடவிப் பார்த்தார். "அப்படியென்றால் இது உங்களுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு மன்னார் நகரம் வந்து சேர்வதற்குள் போய்விட்டது.

நகரத்தில் நண்பர் ஒருவர், தங்கள் பாடசாலைக் கண்காட்சிக்காக அச்சிட்ட சிறு கைந்நூல் ஒன்றைத் தந்தார். மன்னாரின் தொன்மை பற்றியது. புரட்டினேன். "ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தமிழ்ப் பேரரசி ஒருத்தி..." எழுத்துப் பிசகாமல் என் வாக்கியம்! கீழே, "என்பது ஆய்வாளர் துணிபு" என்று ஒரு சேர்க்கை. இருபத்துமூன்று வயதில் மீன் லொறியில் போன நான் ஆய்வாளனாகியிருந்தேன். நண்பரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "அண்ணை, இந்த நேரத்திலை இதைச் சொல்லலாமோ? அவையள் குவேனி எண்டு எழுதுகினம். நாங்கள் அல்லி எண்டு எழுதாட்டி இடம் அவையளின்ரை ஆகிப்போடும்" என்றார்.

அவருடைய அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. இந்நாட்டில் பாழடைந்த சுவர் வெறும் சுவரல்ல, காணியுறுதி. எந்தக் கல் யாருடையது என்பதைப் பொறுத்தே யாருடைய வீடு யாருடையது என்று தீர்மானிக்கப்படும் காலத்தில் அவர் வாழ்கிறார். ஆனால் என் பதில் இதுதான்: மன்னார்க் கரையின் தொன்மைக்கு நோர்த்தின் தூண் தேவையில்லை. மாதோட்டம் இருக்கிறது. பாலாவிக் கரையில் திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடினார்கள். அதன் அருகேயே மாந்தைத் திடலை 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்தபோது, சீனத்திலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்த பாண்டங்கள் அடுக்கடுக்காக வெளிப்பட்டன. போர் மூண்டதும் வேலை நின்றுபோயிற்று. குதிரைமலைக்குத் தெற்கே பொன்பரிப்பில் 1956இலும் 57இலும், பின்னர் 1970இலும் தோண்டியெடுத்த தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளின் உடன்பிறப்புகள்போல் இருக்கின்றன. அகஸ்மாத்தாகக் காற்றில் அகப்பட்டு, செங்கடல் பக்கமிருந்து பதினைந்து நாளில் இலங்கைக்கு வந்து சேர்ந்த உரோம வரி அதிகாரியின் ஆள் கரையேறிய துறையை பிளினி ஹிப்பூரோஸ் என்று எழுதினார். கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை. அது நம் குதிரைமலையே என்று பல அறிஞர் கொள்வர். அது முடிந்த முடிபல்ல. ஆனால் ஊகிக்கத் தகுந்தது. (சங்கப் பாடல்களில் வரும் பிட்டங்கொற்றனின் குதிரைமலையையும் இங்கே கொண்டுவந்து இறக்குவோர் உளர். அது பெயரொற்றுமை ஒன்றை மட்டும் வைத்துச் செய்யும் வேலை. நான் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்ட பூனை.)

வழக்கில் ஒரு பொய்ச்சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தினால், எதிர்க்கட்சி முதலில் அவனைத்தான் குறுக்கு விசாரணை செய்யும். அவன் வீழ்ந்ததும், பின்னால் நிற்கும் மெய்ச்சாட்சிகளையும் நீதவான் ஐயத்தோடுதான் பார்ப்பார். பொன்பரிப்புத் தாழியின் பக்கத்தில் 1804ஆம் ஆண்டுச் செங்கல்லை வைத்து இரண்டும் ஒன்றே என்று நாம் சொன்னால், நட்டம் செங்கல்லுக்கல்ல. நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார்.

அப்படியானால் அல்லி எப்படி வந்தாள்? இதை நான் பலநாள் யோசித்திருக்கிறேன். என் ஊகம் மட்டுமே இது. கதை கட்டடத்திலும் மூத்தது. குதிரைமலையில் அவள் ஏற்கெனவே இருந்தாள். முத்து வறண்டது, தேசாதிபதிகள் வருவதை நிறுத்தினார்கள், மாளிகை வௌவாலுக்கு ஆயிற்று. ஆளில்லாத பெரிய வீட்டுக்கு ஊரார் தங்களுக்குத் தெரிந்த ஒரு பெரிய மனுஷியைக் குடியேற்றினார்கள். நோர்த் பங்களா என்று அந்த ஊரில் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களைப் பொறுத்தவரை, கடலில் இறங்காதவன் கட்டிய வீடு கடலை ஆண்டவளுக்குப் போய்ச் சேர்ந்தது. இதில் எனக்கு ஓர் உவகைகூட உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. அல்லிராணிக் கோட்டை என்றே நானும் சொல்வேன். ஆனால் பலகை எழுதுவதானால் கீழே ஆண்டையும் எழுதவேண்டும்.

இரண்டாண்டுகளுக்கு முன்னர் மூன்றாவது முறையாகப் போனேன். முழங்கால் இடங்கொடுக்கவில்லை. கீழிருந்து ஏறுவது என்ற பிடிவாதத்தை விட முடியாமல் நின்றபோது, வலை திருத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தம் பேரனை அனுப்பினார். பையன் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். பெரியவரும் பின்னால் வந்தார். புத்தளத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அகதியாக இருந்து சிலாவத்துறைக்குத் திரும்பியவர். பாட்டனாருக்குப் பாட்டனார் காலந்தொட்டுச் சலாபத்தில் குளித்த குடும்பம்.

"இது யார் கட்டினது தெரியுமா?" என்று அவரைக் கேட்டேன்.

"அல்லிராணி எண்டுதான் சொல்லுவாங்க. வெள்ளைக்காரன் கட்டினதெண்டும் எங்கட மூத்தாப்பா சொல்லியிருக்கார். யார் கட்டினா என்ன ஐயா, எங்களுக்கு இது கணியம்" என்றார்.

கணியம் என்பதை அவரே விளக்கினார். கடலுக்குள் போனதும், கோட்டைத் தூணையும் கரையில் வேறொரு பனையையும் நேர்கோட்டில் பிடித்து, பார் எங்கே இருக்கிறது, வலையை எங்கே விடலாம் என்று கணிப்பதாம். நில அளவையாளர் தபாலட்டையில் எழுதியது நினைவுக்கு வந்தது. ஆங்கிலேயரின் பார் அளவீடுகளிலும் இதே டோரிக்தான் அடையாளம். இப்போது கைபேசியில் எல்லாம் தெரியுமே என்றேன். "பெடியனுகளுக்குத் தெரியும். எனக்குத் தூண்தான்" என்றார். பின்னர் விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்து, கடந்த மாரிக்கு விழுந்த சுவரைக் காட்டினார். வடக்குப் பக்கத்துத் தூணுக்கும் விளிம்புக்கும் இடையில் எத்தனை அடி மிச்சமிருக்கிறது என்று பையன் காலால் அளந்தான். அவனுடைய சிறிய காலுக்குப் பதினொன்று.